செவ்வாயில் வாசல் வைத்தவள்

போன மாதம் சித்தூரிலிருந்து நைனா ஒரு வீடியோ அனுப்பினார். அவர் அனுப்புவதையெல்லாம் நான் மனதுக்குள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: சாமி படம், சர்க்கரைக்கு வைத்தியம், உலகம் அழியப்போகிறது. இது மூன்றாவது வகை என்று தள்ளிவிடப் போனேன். அதற்குள் போனே வந்துவிட்டது.

"பாத்தியாம்மா? செவ்வாய்ல வூடு கட்டிக்கினு இருந்திருக்கானுங்க. தெருகூட கீதாம்."

"கல்லு நைனா அது. வெயில் சாய்வா அடிச்சா கல்லுகூட செவுரு மாதிரி தெரியும்."

"எதைத்தான் நம்புவ நீ? உன்னைப் படிக்க வெச்சதே தப்பாப் பூடுச்சு."

அவர் மனம் கோணக்கூடாதென்று திறந்து பார்த்தேன். ஒருவர் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிவந்த நிலம், சரிவில் கற்கள். கற்களைச் சுற்றி மஞ்சள் கோட்டில் போட்ட பெட்டிகள். கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் குறித்துக்கொடுத்த வீடுகளாம். சிரித்துக்கொண்டே படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பக்கம் மட்டும், கல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் அப்படி விடாது. அப்படி விடுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவள் பெயர் கோமதி.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அப்போது வேர்க்கடலைச் சட்னி வாசனை அடித்தது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிபன் சென்டர். அதன் மாடியில்தான் என் முதல் வேலை. வானத்திலிருந்து எடுத்த படங்கள் வரும். அவற்றில் தெரிகிற கூரைகளைச் சுற்றி மஞ்சள் பெட்டி போட வேண்டும். ஆயிரக்கணக்கில் போட்டால், அதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளும். இன்ஜினியரிங் படித்த எனக்கு இது போதாத வேலை என்று ஒரு எண்ணம் உண்டு. வேறு யாரும் கூப்பிடவில்லை என்பது தனிக் கதை.

பக்கத்து நாற்காலி கோமதியுடையது. நகரிக்காரி. வீட்டில் பவர்லூம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். ரகசியம் சொன்னால்கூடக் கீழே இட்லி சாப்பிடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். வேலை இருந்தால் திருப்பதி, இல்லாவிட்டால் மறுபடியும் தறி. அதனால் அந்த நாற்காலியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து மொட்டை போட்டு இறங்கி வருகிறவர்களை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அய்யோ, இவங்க தலைங்களுக்கும் பொட்டி போட்டுருவேன் போலக்கீதுடி" என்பாள். சந்தனம் பூசிய தலைகள் மேலிருந்து பார்க்கக் கொஞ்சம் கூரைகள் மாதிரிதான் இருக்கும்.

அந்த வேலைக்கு விதிகள் இருந்தன. பெட்டி கூரையை ஒட்டி இருக்க வேண்டும். மரத்தை வீடென்று நினைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும். விதி என்றால் எனக்குச் சர்க்கரைப் பொங்கல். கோமதியோ முதல் விதியையும் கடைசி விதியையும் சட்டை செய்யவே இல்லை.

"எதுக்குடி முன்னாடி இடம் விடற?"

"வாசல் இல்லாத வூடு எங்கனா கீதா? கோலம் எங்க போடுவாங்க?"

"படத்துல வாசல் தெரியலையே."

"உனக்குத் தெரியலன்னா வூட்டுக்காரன் சன்னல் வழியாவா போறான்?"

கடைசி விதிக்கு மட்டும் அவள் கிண்டலாகப் பதில் சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் எங்கெங்கே வீடு இருக்கிறதென்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படங்கள் என்று முதல் நாள் சொல்லியிருந்தார்கள். நாங்களெல்லாம் அன்று சாயங்காலமே மறந்துபோனோம், அவள் மறக்கவில்லை. நகரியில் அவர்கள் வீடு இன்னொரு வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்துக்கு அடியில் இருக்கிறது. ஒரு மழைக்குச் சந்து முழுக்கத் தண்ணீர். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்தவர்கள் முன்வீட்டோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

"பின்னால வூடு இருக்கறதே தெரியலயாம். நாம ஒண்ணை விட்டா ஒரு குடும்பம் பூடும்டி. தப்பாப் போட்டா இன்னா, ஒருத்தன் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போவான். அவ்ளோதானே?"

சரியாகப் பார்க்காமல் வேலை செய்கிறவர்களைப் பிடிக்க, எங்கள் சூப்பர்வைசர் நடுநடுவே வீடே இல்லாத படத்தைச் செருகுவார். ஒருமுறை செவ்வாய்க் கிரகத்தின் படம். பெயர் போட்டிருக்காது. நான் பார்த்த உடனே காலியாகத் திருப்பி அனுப்பினேன். கோமதி மத்தியானம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தாள். பலமனேர்ப் பக்கத்து மேட்டுநிலம் மாதிரி இருக்கிறது என்றாள்.

"கல்லுடி, விடு."

"கல்லாவும் இருக்கலாம்."

நிழல் விழாத பக்கமாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் வாசல் விட்டுப் பெட்டி போட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் தெலுங்கில் கேட்டார்: "ஏம்மா கோமதி, செவ்வாயில பட்டா குடுத்துட்டியாமே? தாசில்தார் கையெழுத்து வாங்கினியா?"

"உங்களுக்கும் ஒரு பிளாட் வெச்சிருக்கேன் சார். கார்னர் பிட்டு."

அறையே குலுங்கிச் சிரித்தது. அவர் அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். எங்கள் வேடிக்கை அங்கிருந்து யார் யார் கைக்கோ போயிருக்க வேண்டும்.

ஆனால் மேலிடத்தில் சிரிக்கவில்லை. ஏற்கெனவே அவளுடைய பெட்டிகள் மீது புகார் இருந்தது. சூப்பர்வைசரே அவளுக்காகப் பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை, வேலை போயிற்று. டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கியவள், பாதியில் நின்று திரும்பினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தப் படத்துல ஒண்ணை விட்டுட்டேன்டி. மேல, மூலைல."

தறிக்குத் திரும்பப் பிடிக்காமல் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு மழைக்காலத்தில் நான் போன் செய்தபோது அவள் அம்மா எடுத்தார். "அவ பூட்டாம்மா. காய்ச்சல்னு படுத்தா, பூட்டா." நான் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தேன்.

நைனா அனுப்பிய படத்தின் மேல்மூலையைப் பார்த்தேன். ஒரு கல் மட்டும் பெட்டி இல்லாமல் நின்றது.

வீடியோவுக்குக் கீழே எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். அங்கே யார் இருந்தார்கள், இப்போது எங்கே போனார்கள், யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'இவை கற்கள். பெட்டி போட்டது நகரிப் பெண் ஒருத்தி' என்று டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்தேன். ராத்திரி நைனா மறுபடியும் கூப்பிட்டு, "யாரும்மா இருந்திருப்பாங்க அங்க?" என்றார். இந்த முறை கல்லு என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியல நைனா என்றேன்.

அந்த மாடி இப்போது லாட்ஜ். பெட்டி போட ஆள் வேண்டாம். நாங்கள் போட்டதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொண்டுவிட்டது. நேற்று அதே சேனலைத் தேடினேன். பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். அதே நிலம், அதே கற்கள். இந்த முறை நிஜமாகவே மெஷின்தான் குறித்திருக்கிறது. மேல்மூலைக் கல்லுக்கும் ஒரு பெட்டி விழுந்திருக்கிறது. எல்லாப் பெட்டியும் கல்லோடு கச்சிதமாக ஒட்டியிருக்கிறது.

ஒன்றுக்கும் வாசல் இல்லை.