அம்பு ஒட்டிய மரம்

அக்பர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தோராண்டு செக்கிங் பார்த்தவர். துணியில் கறை தென்பட்டால் அதன் பக்கத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிச் சுத்தம் செய்ய அனுப்புவார். ஓட்டை தென்பட்டால் ஒதுக்கிவிடுவார். கறை போகும், ஓட்டை போகாது.

மனைவி இறந்தபின் வீட்டில் எஞ்சியவை அவரும், மகள் அஃப்ஷீன் பள்ளி நாட்களில் வாசலில் நட்ட மரமல்லியும்தான். ஷார்ஜாவில் இருக்கும் மகள் வெள்ளிதோறும் அழைப்பாள். “சாப்டீங்களா அத்தா? மாத்திரை போட்டீங்களா?” அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு, “மரத்தக் காமிங்கத்தா” என்பாள். காம்பு நீண்ட வெள்ளைப் பூக்களுக்கு நேராக அவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பார். மரத்தின் புண்ணியத்தில் இன்னும் பத்து நிமிடம் மகள் குரல் கேட்கும்.

சென்ற ஐப்பசி மழையில் அடிமரத்தில் தட்டுப்போல் பழுப்புக் காளான் ஒன்று முளைத்தது. பழக்கம் விடவில்லை, அருகில் ஓர் அம்பு ஒட்டிவிட்டுக் கத்தியால் சுரண்டினார். இடம் சுத்தமாயிற்று. அடுத்த மாதம் மீண்டும் முளைத்தது. இப்படி நான்கு முறை.

பங்குனியில் ஒரு கிளை முறிந்து, கம்பெனி வேனுக்காக நின்றிருந்த பெண்களின் அருகே விழுந்தது. மரம் வெட்டும் வீரன் வந்து, கோடாலிக் காம்பால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார்.

“என்னங்க பாய், ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி மரத்த எக்ஸ்போர்ட் பண்றீங்களா? உள்ள பூரா மக்கிப்போச்சுங்க.”

“காளானச் சுரண்டிட்டேதானுங்க இருந்தேன்.”

“பூவப் பறிச்சா மரம் சாகுமாங்க? இதுவும் அப்படித்தானுங்க. வெளிய தெரியறது அதோட பூவு மாதிரி. ஆளு உள்ள உக்காந்திருக்கறான்.”

அக்பருக்கு முதலில் வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. அடுத்து, வேனுக்கு நிற்கும் பெண்கள்.

“வெட்டிருங்க” என்றார்.

மூன்று வெள்ளிகள், “நெட் சரியில்ல கண்ணு” என்று மழுப்பினார். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கோடை மழைக்குப் பின் வந்த நான்காம் வெள்ளியில் கைப்பேசியைத் தாழ்த்தி, எஞ்சியிருந்த அடிக்கட்டையைக் காட்டினார்.

மகள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, “கட்டை மேல அது என்னங்கத்தா? பூவா?”

“உள்ள ஒருத்தன் இருக்கானாமா. இது அவனோட பூவு.”

“அடுத்த வாரம் எவ்வளவு பெருசாகுதுன்னு காமிங்கத்தா.”

அழைப்பு முடிந்ததும் சன்னலோரத்தில் இருந்த கத்தியை எடுத்துச் சமையலறை அலமாரிக்குள் வைத்தார். அடுத்த வெள்ளிக்கு இன்னும் ஏழு நாட்கள் இருந்தன.