ஏழரைக்கு முன் ஒரு காய்

என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று கணக்கு இருக்கும்: ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், மலையாள நட்சத்திரம். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பமாக வாழ்ந்தால் மூன்றும் தேவைப்படும். இங்கே சொல்லும் நாளுக்கு ஆவணி, மூலம், திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறேன். ஓணம் அந்த வாரம்தான்.

என் மனைவி பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சிறிய பட்டறைகளில் உற்பத்தியை எப்படிக் கூட்டுவது, சரக்கு வருவதையும் போவதையும் எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. எழுத்து வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. நிஜமான ஓர் இடத்தில் செய்துகாட்ட வேண்டியதுதான் பாக்கி. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் ஆரியசாலையில் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், போட்டு விற்கும் அவளுடைய அண்ணன் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"ஓணத்துக்கு ஒரு சூப்பர்மார்க்கெட் ஆர்டர் இருக்கு. திங்கக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அவன் வண்டி வரும், நிக்காது. அது வரைக்கும் உன் இஷ்டம். ஒரு பெட்டி குறைஞ்சாலும் மறுநாள் பழைய மாதிரிதான். பொறவு உன் ஸ்டாப்வாட்சைத் தூக்கிட்டு இங்க வரப்பிடாது, கேட்டியா?"

பழைய மாதிரி என்றால், வள்ளியூர்ப் பக்கமிருந்து வாரத்தில் இரண்டு முறை வண்டி வரும். குலைகள் ஷெட்டில் மலையாகக் குவியும். அடியில் கிடப்பவை பழுத்துவிடும். பழுத்த காயை எண்ணெயில் போட்டால் கறுத்து வதங்கும், மொறுமொறுப்பு வராது. அன்றைக்கு வேண்டிய காய் அன்று காலையில் வந்தால் போதும், குவியலே கூடாது என்பது என் மனைவியின் திட்டம். தோல் உரிப்பவர்களும் அடுப்பும் பொட்டலம் கட்டும் மேசையும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கக் கூடாது.

முந்தின வாரம் புதன்கிழமை தொடங்கினாள். சனிக்கிழமை வரை வண்டி தினமும் ஏழு மணிக்கு முன்பே வந்தது. ஒரு காய்கூட வீணாகவில்லை. அண்ணன் குறை எதுவும் சொல்லவில்லை. அவரிடம் அதுவே பெரிய பாராட்டு. ஞாயிறு விடுமுறை.

திங்கட்கிழமை நானும் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஏழு மணியாகியும் வண்டி வரவில்லை. டிரைவரை அழைத்தாள்.

"மேடம், பாலராமபுரத்தில பிளாக்கு. ஓணத் திரக்கு, ஒரே கூட்டம். ஒரு வண்டியும் நகரல."

அடுப்புப் பக்கம் நின்ற பெண் பற்றவைக்கலாமா என்று மலையாளத்தில் கேட்டாள்: "சேச்சி, அடுப்பு கத்திக்கட்டே?"

"காய் இல்லாம எண்ணெயைக் காயவச்சு யாருக்கு ஊத்த?" என்றார் அண்ணன். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "ஏழரைக்குள்ள வண்டி வந்தா பத்தவைப்போம். இல்லேன்னா ஒம்பதுக்குத்தான். இன்னைக்குத் திங்களாக்கும்."

என் மனைவியின் முகம் மாறியது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். அந்த ஷெட்டில் அன்றைய முதல் கைப்பிடி உப்பேரியைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். ராகுகாலத்தில் அதைச் செய்யமாட்டார்கள். குவியல் இருந்த நாட்களில் ஆறு மணிக்கே அடுப்பு எரிந்ததால் இந்தப் பிரச்சினை எழுந்ததே இல்லை. சோதனையிலும் எழவில்லை. 'முதல் நாள் திங்களாக இருக்கலாமே' என்று நான் கேட்டபோது, 'காலையிலேயே ராகுகாலம், வேண்டாம்' என்று புதனைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஒரு மணிக்குள் பாதிப் பெட்டிகள்கூடத் தேறாது.

"அண்ணே, ராகுகாலத்தில புதுசாத்தானே தொடங்கப்பிடாது? தொடங்கினதை நிறுத்தணும்னு இல்லையே?"

"இல்லை. அதுக்கென்ன?"

"ஏழரைக்கு முன்னால காய் வந்தாப் போதும்லா? வண்டியே வரணும்னு இல்லையே?"

அவர் அடுப்பின் பக்கம் கையைக் காட்டினார். "பத்தவை. காய் வரலைன்னா நானே அணைச்சுருவேன்."

அவள் திரும்புவதற்குள் நான் வெளியே ஓடியிருந்தேன். சாலைக் கடைத்தெருவில் அப்போதுதான் தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் தெரிந்த வாழைக்காய்க் கடையில், ஏத்தங்காய் இரண்டு போதும் என்றேன்.

"போணி நேரத்தில ரெண்டு காயா? அண்ணாச்சிக்கு வீட்டில சாம்பாரா?" என்றார் கடைக்காரர்.

பேரம் பேசாமல் முழுக் குலையையும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். சட்டையெல்லாம் வாழைக்கறை. எதிரே வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டியது காதில் விழுந்தது.

ஷெட்டில் எண்ணெய் காய்ந்திருந்தது. என் மனைவியே ஒரு காயை உரித்து உருளிக்கு மேல் சீவினாள். வில்லைகள் எண்ணெயில் விழுந்து சீறின. அவை வெந்து மேலே வரும்வரை எல்லோர் கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அது ஏழரையைத் தாண்டியபோதும் வில்லைகள் எண்ணெயில்தான் மிதந்தன.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, உங்க வாட்சு என்ன சொல்லுது?"

காட்டினேன். ஏழரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இந்தக் கடிகாரம் எப்பவும் முந்திக்கிட்டுத்தான் ஓடும்" என்றார்.

ஜல்லிக்கரண்டியில் அள்ளிய முதல் கைப்பிடி படத்துக்கு முன்னால் போனது. அதன் பிறகு நான் வாங்கிவந்த குலைதான் அடுப்பை அணையவிடாமல் வைத்திருந்தது. எட்டு மணி வாக்கில் வண்டி வந்தபோது அண்ணனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் குலையை இறக்கினார்.

ஒரு மணிக்கு சூப்பர்மார்க்கெட் வண்டி வாசலில் நின்றது. பெட்டிகள் ஏற ஏற, இந்தப் பக்கம் கடைசிப் பொட்டலங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. "சமயமாயி" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

மேசையில் இரண்டு பெட்டி மிஞ்சியிருந்தது.

"ரெண்டு குறையுது, அண்ணே" என்று என் மனைவியே சொன்னாள். கழுத்தில் கிடந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒரு வில்லையைக் கடித்தார். மெதுவாகத் தின்றார். இன்னொன்றை எடுத்தார்.

"அடுத்த திங்கக்கிழமை வண்டி லேட்டானா என்ன செய்யப்போற?"

அவள் ஷெட்டின் காலியான தரையைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை வர்றதில நாலு குலை மட்டும் இங்க கிடக்கட்டும். திங்கள் ஆறு மணிக்கு அடுப்பு பத்த அது போதும்."

"குலையைப் போட்டுவச்சா பழுத்துப்போவும்னு எனக்கு யாரோ பாடம் எடுத்தாளே?"

"நாலு குலை குவியல் இல்லண்ணே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வடக்கு மூலையைக் காட்டினார். "அங்க போடு. வெயில் படாது."