கப்பல் பகிடி

பின்னிரவில் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆறு வருடம் பகிடி எழுதினேன். பனி, மேயர், நேரத்துக்கு வராத ஸ்ட்ரீட்கார் என்று எதைத் தந்தாலும் எழுதுவேன். தமிழ் அகதிகளின் கப்பல் ஒன்று கரைக்கு வந்த அன்று தலைமை எழுத்தாளர் என் பக்கம் திரும்பினார்.

"உன்னுடைய ஆட்கள்தானே, நீயே எழுது."

மறுத்தேன். பக்கத்தில் இருந்தவன் எழுதினான். கப்பலில் வந்தவர்களின் நாற்றத்தைப் பற்றிய பகிடி. ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"நாற்றம் என்ற சொல்லைக் கடைசியில் வை" என்று நான்தான் சொன்னேன். கேவலமான தொழிற்பழக்கம். பதிவின்போது அரங்கமே வெடித்துச் சிரித்தது.

மறுநாள் ஸ்காபரோவிலிருந்து அம்மா போன் எடுத்தார். அவரும் அப்படியொரு கப்பலில் என்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்.

"நிகழ்ச்சி முடிவில திரையில உன்ர பேர் ஓடிச்சுது. உந்தப் பகிடியை நீயோ எழுதினனீ?"

"இல்லை அம்மா. திருத்திக் குடுத்தனான்."

அம்மா போனை வைத்துவிட்டார். அன்றைக்கே வேலையை விட்டேன்.

"ஒரு பகிடிக்கா இவ்வளவு கோபம்?" என்று தலைமை எழுத்தாளர் சிரித்தார். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவருக்கு ஆறிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை, அவர்கள்மேலும் என்மேலும்.