கன்னியம்மா சுவரைப் பார்த்து உட்காரமாட்டாள்

வாத்தியார் வேலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது சுலபம். பெரியவர்களுக்குப் புரியவைப்பதற்குள்தான் தொண்டைத் தண்ணி வற்றிப்போகும். சாக்பீஸ் தூளைத் தின்றே ஆயுளை ஓட்டுகிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணி மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் நாலாம் வகுப்பு டீச்சர்.

பேர் எழுதின நாள்

ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டுகிற முனுசாமி தன் மகள் கன்னியம்மாவைக் கூட்டிவந்தார். மூன்றாவது படிக்கும்போது விஷ ஜுரத்தில் அவளுக்குக் காது போய்விட்டது. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே சொன்னதைப் பிடித்துக்கொள்வாள். “நாளெல்லாம் சிலேட்டை வெச்சிகினு அழுவுதுங்கம்மா” என்றார் முனுசாமி.

ஹெட்மாஸ்டர் தலை நிமிரவே இல்லை. “இதுக்கெல்லாம் மெட்ராஸ்ல தனி ஸ்கூல் இருக்குப்பா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஜட்காவிலயே தினம் மெட்ராஸ் போய் வரட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து அவள் பேரை என் வகுப்பில் எழுதினேன். அவர் என்னை முறைத்துவிட்டுச் சொன்னார்: “இன்ஸ்பெக்டர் பரீட்சையில இவ தேறலைன்னா பேரை அடிச்சுடுவேன், பாத்துக்கோங்கம்மா.”

முதுகில் விழுந்தது

முதல் வாரம். போர்டில் எழுதிக்கொண்டே கொசஸ்தலை ஆற்றைப் பற்றி விளாசிக்கொண்டிருந்தேன். முதுகில் சுருக்கென்று ஒரு பலப்பத் துண்டு வந்து விழுந்தது. யாரடா அது என்று கையை ஓங்கிக்கொண்டு திரும்பினால், கன்னியம்மா எழுந்து நிற்கிறாள். பயமாவது ஒன்றாவது! என்னைவிட அவளுக்குத்தான் கோபம்.

“முதுகைக் காட்டிகினே பேசறீங்களே டீச்சர், நான் இன்னாத்த பாக்கறது?”

பரீட்சை

அன்றிலிருந்து எழுதி முடித்துத் திரும்பிய பிறகுதான் வாயைத் திறப்பேன். வெட்கக்கேடு என்னவென்றால், மற்ற பிள்ளைகளுக்கும் அப்புறம்தான் பாடம் ஏறியது.

சொல்வதெழுதுதல் வைத்தால் காப்பி அடிக்கக்கூடாது என்று பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்காரவைப்பது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். இன்ஸ்பெக்டர் வைக்கிற பரீட்சையும் அதுதான். அவர் வருவதற்கு முந்தின நாள், “நாளைக்கு அவளை வீட்லயே இருக்கச் சொல்லுங்க” என்றார் ஹெட்மாஸ்டர். வராவிட்டாலும் தேறாத கணக்குதானே? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கன்னத்தில் வெற்றிலை அடக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். கன்னியம்மாவின் தோளைப் பிடித்து அவர் பக்கம் நான் திருப்பினேன். “இதென்னம்மா சலுகை?” என்றார். “மத்தவங்க காதைப் பொத்தலையே சார், இவ கண்ணை மட்டும் எதுக்கு மறைக்கணும்?” என்றேன். ஹெட்மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது.

ஐந்து சொல் சொன்னார். கன்னியம்மா ஒன்றுகூட எழுதவில்லை. ஹெட்மாஸ்டர் பேனா மூடியைத் திருகினார். அப்போது அவள் எழுந்து, அறையே அதிரச் சொன்னாள்: “சார், வாயில இருக்கறத துப்பிட்டுச் சொல்லுங்க. ஒண்ணுமே தெரியல.”

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் நின்று ஐந்தையும் சொன்னார். ஐந்தும் சரி. சும்மா இருக்காமல் மற்ற சிலேட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். முதல் தடவை சொன்னதைக் கேட்டு ஆளாளுக்கு என்னென்னவோ எழுதி வைத்திருந்தார்கள். அவர் முகம் போன போக்கை நான் ரசித்தேன், ஆமாம், ரசித்தேன்.

கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “எல்லாரும் என் பக்கம் திரும்பி உக்காருங்க. மறுபடியும் சொல்றேன்.”

அன்றைய பரீட்சையில் தவறியவர் ஒரே ஒருவர்தான், அவருக்குத்தான் ஜில்லா முழுவதையும் பரீட்சை பண்ணுகிற உத்தியோகம்.