டிஸ்க்கில் நிறைந்த பனி

இருப்பதையெல்லாம் அழித்த பிறகும் ‘இடமில்லை’ என்று சாதிப்பது டேட்டாபேஸ் ஒன்றுதான். அதைக் கட்டி மேய்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதில்லை.

சாவி எங்கே?

ஏற்காட்டில் ஒரு லாட்ஜ். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் டிஸ்க் நிரம்பி, பில்கூட பிரிண்ட் ஆகவில்லை. மறுநாள் ஈரோட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். அவர்களைக் காக்கவைத்தால் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் என் கான்ட்ராக்டுக்கு அன்றோடு கும்பிடு என்று மேனேஜர் தங்கவேல் சொல்லிவிட்டார்.

தங்கியவர்களின் ஆதார் படங்களையும் டேட்டாபேஸிலேயே போட்டுவைக்கிற இடம் அது. பழையவற்றை நீக்கும்படி தங்கவேலிடம் சொன்னேன். காலை முழுக்க உட்கார்ந்து நீக்கினார். இடம் இம்மியும் கூடவில்லை. நீக்கிய இடத்தை டேட்டாபேஸ் தனக்கென்றே காலியாக வைத்துக்கொள்ளும், அதைத் தனியாகச் சுருக்கினால்தான் கம்ப்யூட்டருக்குத் திரும்ப வரும் என்று விளக்கினேன். அவருக்கு மனசு ஆறவில்லை.

“ஏனுங்க, ரூம் காலியானா சாவி ரிசப்சனுக்கு வரோணுமில்லீங்களா? உங்க டேட்டாபேஸ்ல சாவிய யாருங்க வெச்சிருக்கறது?”

வெள்ளை வீடியோ

சுருக்குவதிலும் ஒரு வம்பு. மிச்சமிருப்பதை வேறிடத்தில் புதிதாக எழுதிக்கொண்ட பிறகுதான் பழைய ஃபைலை அது விடும். இடத்தை மீட்கவே இடம் வேண்டும்! எனக்கு அழுகை வராத குறை. மறுநாள் காலை டிஸ்க்கைத் துழாவினால் வீடியோவாகக் குவிந்து கிடக்கிறது. திறந்தால் எல்லாம் ஒரே வெள்ளை. கேமரா கெட்டுவிட்டதா என்று ரிசப்ஷனில் இருக்கும் கவிதாவைக் கேட்டேன். பக்கத்துக் கிளியூர்ப் பெண், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பனி தெரியலீங்களாண்ணா? போன்ல எல்லாரும் பனி இருக்குதான்னுதான் கேக்கறாங்க. இல்லாத நாளைக்கி அனுப்பறதுக்கு வெச்சிருக்கறனுங்க.”

சீக்கிரம் வந்த பஸ்

பனியைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டுச் சுருக்கத் தொடங்கினேன். முடியும்வரை டேட்டாபேஸ் பூட்டியே இருக்கும். புதிதாக யாரையும் பதிய முடியாது. சாயங்காலம் வரவேண்டிய பஸ் மத்தியானமே வந்து நின்றது. தங்கவேல் பார்த்த பார்வையில் என் கான்ட்ராக்ட் கிழிந்தேவிட்டது.

அந்த நேரம் பார்த்து நிஜப்பனி இறங்கி வாசலை மூடியது. வந்தவர்கள் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு, போனும் கையுமாக வெளியே ஓடினார்கள். பனி விலகுவதற்குள் வேலை முடிந்தது. டிஸ்க்கில் பாதி காலி, கான்ட்ராக்டும் பிழைத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கவிதாவுக்கும் அப்படித்தான்.

“இன்னிக்கிப் பனி நொம்ப ஜோருங்கண்ணா! எடம் நெறைய இருந்துச்சுங்களா, வந்தவங்க எடுத்த வீடியோவையும் வாங்கி ஏத்திட்டனுங்க.”

இடத்தைக் காலி செய்து கொடுப்பது என் தொழில். அதைக் காலியாக வைத்திருப்பது யாருடைய தொழிலும் இல்லை.