இரண்டு பேருக்கான கித்தான் கூடாரம்

எழுபதுகளில் என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒரு தடவை தூத்துக்குடிக்கு வருவார். வந்தாலும் எனக்கு என்ன கிடைத்தது? வீட்டில் இருந்தது ஒரே கூடம். அதில் மாமியாரும் கொழுந்தன்மாரும் நாத்தனாரும் வரிசையாகப் படுப்பார்கள். கட்டிய புருஷனோடு மனம்விட்டுப் பேச எனக்கு அடுப்படிகூட வாய்க்கவில்லை.

அந்த வருடம் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வந்துவிடுவதாக எழுதியிருந்தார். திருவிழாவுக்கு எங்கள் குடும்பம் மணலில் ஓலைக்கொட்டகை போட்டு ஒன்றாகத் தங்கும். அங்கேயும் அதே வரிசை. நினைத்தாலே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கென்று தனியாக ஒரு கூடாரம் தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் பிறந்த வீட்டில் தோணிகளுக்குப் பாய் தைப்பதுதான் தொழில். கழித்துப் போட்ட பழைய பாய்க் கித்தானை அங்கிருந்து வாங்கி வந்து கொல்லையில் விரித்து வெட்டினேன். நூலுக்கு மெழுகு தேய்த்து, கோணி ஊசியால் பட்டை பட்டையாக இணைத்தேன். கயிறு கட்டும் கண்களைச் சுற்றித் தைப்பதற்குள் விரலெல்லாம் புண்.

"தனி அரமணை கேக்குதாக்கும்?" என்றார்கள் மாமி.

"வெயிலுக்குத்தான் மாமி" என்று புளுகினேன்.

கிளம்புகிற அன்று தந்தி வந்தது. கப்பலைப் பம்பாய்க்குத் திருப்பிவிட்டார்கள், அவர் வர முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடாரத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீம்புதான், வேறென்ன.

மணலில் சவுக்குக் கம்பு நட்டு, முளை அடித்து நிறுத்தினேன். கடலோரத்துக் கச்சான் காற்று ஒரே வீச்சு வீசியது. கூரை உப்பி, முளைகளைப் பிடுங்கியது. அப்போதுதான் உறைத்தது. கைப்பழக்கத்தில், தோணிப் பாய்க்கு விடுவது போலவே நடுவில் தொய்வு விட்டுத் தைத்திருக்கிறேன்! காற்றை ஒதுக்க வேண்டிய கூடாரம் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏளா, கொழும்புக்குச் சரக்கு ஏத்தியாச்சா?" என்று பக்கத்துக் கொட்டகைக்காரி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே போய் ஓர் ஓரத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மறு ஓரம் எழும்பியது. அங்கே ஓடினால் இது எழும்பியது. அவர் இருந்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. வெளியே ஊர்க்கூட்டம் அத்தனையும் இருந்தது. ஆனால் அவ்வளவு தனியாக நான் அதுவரை இருந்ததில்லை.

மாமி குனிந்து உள்ளே வந்தார்கள். எதிர் ஓரத்தை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். கூடாரம் அடங்கியது. காலமாகிவிட்ட என் மாமனாரும் ஆயுசு முழுக்கத் தோணியில் போய் வந்தவர்தான்.

"ரெண்டு பேருக்குத்தான தைச்ச?" என்று கேட்டார்கள்.

நான் தலையாட்டினேன்.

"எனக்குத் தைக்கத் தெரியாமப் போச்சு ஏளா. தெரிஞ்சிருந்தா நானும் ஒண்ணு தைச்சிருப்பேன்."