சமையற்கட்டின் ஐந்து கரண்டிகள்

"அத்தை, இன்னிக்கு மேசையைத் தட்டி முடிவு சொல்ற சுத்தி உங்க கையில. அப்படின்னா ரோடும் உங்க கையிலதான்" என்றான் ஜில்பேர்.

ஊர்க்கூட்டத்துக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த லோரெட் பெல்ட்டியே நிமிரவில்லை. "சுத்திக்கு வீடு கிடையாதுடா. எந்த ரோட்டுல பனி கிடந்தா அதுக்கென்ன?"

"ரோட்டை மூடிட்டா பஸ் ஓட்ட எப்படி வருவீங்க? ரெண்டு மைலாச்சே."

"உன் தோள்ல ஏறி வர்றேன். காலையில அஞ்சு மணிக்கு வந்து குனிஞ்சு நில்லு."

ஜில்பேர் சிரித்தான். கூட்டத்தில் ஓட்டுக்குத் தூக்கும் கைகளை எண்ணும் வேலை அவனுக்கு அந்த வருடம்தான் முதல் தடவை. ஒழுங்காக எண்ணினால் போதும், மற்றதை விடு என்றார் லோரெட்.

வாரப் பத்திரிகைக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஊர்ச்செய்தி எழுதும் நோயெலா இதைக் கேட்டபடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வாஷிங்டனில் யார் என்ன பேசினார்கள் என்பதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; இந்த ஊரைப் பற்றி எழுத அவள் ஒருத்திதான். மெய்ன் மாநிலத்தின் வட கோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்றிருக்கும் இந்த ஊரில், லோரெட் இருபத்திரண்டு வருடங்களாகக் கூட்டத் தலைவர். பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பாதி ஊருக்கு அவர் அத்தை.

மார்ச் மாதக் கூட்டத்தில் எதையும் ஊராரே கை தூக்கி முடிவு செய்வார்கள். அன்றைய பதினேழாம் தீர்மானம், பின்காட்டுச் சாலையில் இனிக் குளிர்காலத்தில் பனி தள்ளாமல் அதை மூடிவிடுவது என்பது. அந்தச் சாலையில் இருப்பது ஒரே வீடு, லோரெட்டின் வீடு. இந்த ஒரு தீர்மானத்துக்கு வேறு யாராவது தலைமை தாங்கட்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நீங்களே இருங்கள் என்று ஊர் உட்கார வைத்துவிட்டது.

மூட வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள், பிறகு வேண்டாம் என்பவர்கள். ஜில்பேர் எண்ணி வந்து தாளை நீட்டினான். மூட நாற்பத்தொன்று, வேண்டாம் நாற்பத்து மூன்று. லோரெட் சுத்தியை எடுத்தார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் சாலை அவருக்கு.

அவர் தட்டவில்லை.

மதிய உணவுக்குக் கோழி ஸ்டூ கிண்டுகிறவர்கள் சமையற்கட்டு ஜன்னல் வழியே கரண்டியைத் தூக்கி ஓட்டுப் போடுவது இந்த ஊர் வழக்கம். எண்ணுகிறவர் கடைசியாக அங்கேயும் ஒரு நடை போக வேண்டும். ஜில்பேர் போகவில்லை. எண்ணியாயிற்று என்று நினைத்து அவர்களும் அடுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். மேடையிலிருந்த லோரெட் மட்டும் பார்த்திருந்தார்: மூட வேண்டும் என்றபோது ஐந்து கரண்டிகள் மேலே போயின. முதல் கரண்டி அவருடைய சொந்தத் தங்கை ஒடீலுடையது.

"ஜில்பேர், சமையற்கட்டை எண்ணலையே நீ" என்றார் லோரெட், ஒலிபெருக்கியிலேயே.

மறுபடி எண்ணினார்கள். நாற்பத்தாறு, நாற்பத்து மூன்று. அவர் சுத்தியைத் தட்டி, சாலை மூடப்படுகிறது என்று அறிவித்துவிட்டு, பதினெட்டாம் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினார். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஜில்பேர் காது வரை சிவந்து நின்றான்.

அதன் பிறகு நான்கு குளிர்காலங்கள் போய்விட்டன. நவம்பர் முடிந்ததும் லோரெட் தன் காரைச் சாலை முனையிலேயே நிறுத்திவிடுவார். பனியில் கால் புதையாமலிருக்க அகலமான பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு, மளிகையைச் சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு போவார். பள்ளிப் பேருந்து ஒரு நாளும் தாமதமானதில்லை. வெளியூர்க்காரர்களிடம், எங்கள் கூட்டத் தலைவர் யார் தெரியுமா என்று ஜில்பேர்தான் முதலில் ஆரம்பிப்பான்.

கூட்டம் நடந்த அந்த நாள் மதியம் சமையற்கட்டில், ஸ்டூக் கிண்ணத்தை அக்காவின் கையில் வைத்த ஒடீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காட்டுல நீ ஒத்தையா கிடக்கறது எனக்குப் பிடிக்கல. ரோட்டை மூடினா நீ ஊருக்குள்ள குடி வந்துடுவேன்னுதான் தூக்கினேன்."

"தெரியும்டீ. உப்புக் கம்மி" என்று சொல்லிவிட்டு லோரெட் குடித்தார்.

நோயெலா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள். நடந்ததைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டாள். லோரெட் காலிக் கிண்ணத்தைக் கழுவும் தொட்டியில் வைத்தார்.

"எழுதிக்கோ. ஆனா என்னைப் பத்திப் பெருசா எழுதாத. இந்த அஞ்சு பேரோட பேரையும் ஒண்ணு விடாம போடு. அவங்க ஓட்டும் ஓட்டுதான்."